விழிப்புணர்வு என்று எழுதும் முன்

சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பின் முதல் பருவத்தில் எந்தப் பிரச்சினையைக் கொடுத்துத் தீர்வு எழுதச் சொன்னாலும் வகுப்பில் பெரும்பாலோர் ஒரே சொல்லில் வந்து நிற்பார்கள். புகைபிடிப்பதா? விழிப்புணர்வு. நீரிழிவா? விழிப்புணர்வு. இளவயதுக் கர்ப்பமா? அதற்கும் விழிப்புணர்வு. ஒரு பேரணி, பத்துச் சுவரொட்டி, ஒரு மணி நேர உரை, முடிவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு குழுப்படம். அந்தச் சொல் தானாகக் கையில் வருவது நிற்கவே மீதிப் பருவங்கள் செலவாகின்றன. இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களும் சேர்ந்துவிட்டுத் திணறுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதியை அந்த ஒரு சொல்லைச் சுற்றியே சொல்லிவிடலாம்.

சிகரெட் பிடிக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அது கெடுதல் என்று அவருக்குத் தெரியும். பல நாடுகளில் பெட்டியின் மேலேயே படம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். தெரிந்தும் ஒருவர் ஒன்றைச் செய்கிறார் என்றால், தெரியப்படுத்துவது அங்கே வேலைக்கு உதவாது. இந்தப் புதிர் பழையது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை காசநோயைக் கண்டுபிடிக்க இலவச நெஞ்சு எக்ஸ்ரே வசதியை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனது. வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் தேடியதில் பிறந்ததுதான் சுகாதார நம்பிக்கை மாதிரி. நோய் தனக்கு வரும் என்று ஒருவர் நினைக்கிறாரா, வந்தால் கடுமையாக இருக்கும் என்று நினைக்கிறாரா, செய்யச் சொல்வதால் பயன் உண்டு என்று நம்புகிறாரா, செய்வதற்கு எது தடையாக இருக்கிறது என்ற கேள்விகள் அதில் இருக்கின்றன. முதல் வருடத்தில் கட்டாயம் படிப்பீர்கள். அதில் தடை என்ற அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறக்காமல் வைத்திருங்கள். அதற்குப் பிறகு நிறைய வேலை இருக்கிறது.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதில் விலையும் வரியும் 6ஆம் பிரிவில் வருகின்றன. பொது இடங்களில் புகையிலிருந்து பாதுகாப்பு 8ஆம் பிரிவு. கல்வியும் விழிப்புணர்வும் 12ஆம் பிரிவு. பிரிவு எண்ணை வைத்து முக்கியத்துவத்தை அளக்க முடியாதுதான். ஆனாலும் மாணவர்களின் அசைன்மென்டுகளில் இந்த வரிசை எப்போதும் தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை.

இதென்ன துறை?

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் சுகாதாரம் என்றதும் குப்பை, சாக்கடை, கை கழுவுதல் என்று மனம் துப்புரவுப் பக்கம் போய்விடுகிறது. வீட்டில் ‘என்ன படிக்கிறாய்?’ என்று கேட்டால் சுகாதார ஆய்வாளர் வேலைக்கான படிப்பு என்று முடிவுகட்டிவிடுவார்கள். நல மேம்பாடு என்றால் பொருள் இன்னும் நெருங்கிவரும். ஆனால் வழக்கில் நின்றுவிட்டது முந்தையது. மருத்துவம் நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. பொதுச் சுகாதாரத்தின் பெரும்பகுதி நோயிலிருந்து தொடங்குகிறது. சுகாதார மேம்பாடு, மக்கள் வாழும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

இந்தத் துறையின் அடிப்படை ஆவணம் 1986 நவம்பர் 21 அன்று கனடாவின் ஒட்டாவாவில் வெளியான சாசனம். மக்கள் தங்கள் நலத்தின் மீது தங்களுக்குள்ள கட்டுப்பாட்டைக் கூட்டிக்கொள்ளவும், அதை மேம்படுத்திக்கொள்ளவும் இயலச் செய்யும் செயல்முறை என்று அது சுகாதார மேம்பாட்டை வரையறுத்தது. ஐந்து செயற்களங்களையும் சொன்னது: நலம் தரும் பொதுக் கொள்கை, ஆதரவான சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன், சுகாதாரச் சேவைகளைத் திசைமாற்றுதல். இதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது சுலபம், தேர்விலும் மதிப்பெண் விழும். பயன்படுத்தும் விதம் வேறு. நீங்கள் எழுதிய திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு செயலும் இந்த ஐந்தில் எதில் விழுகிறது என்று பக்கத்தில் எண் போடுங்கள். எல்லா வரிக்கும் நான்காம் எண்ணே வந்தால், நீங்கள் எழுதியிருப்பது சுகாதாரக் கல்வித் திட்டம். அதுவும் தேவையான ஒன்றுதான், ஐந்தில் ஒன்று.

ஒட்டாவாவுக்கு முன்னால், மருத்துவச் சேவையைத் தாண்டி வாழ்க்கைமுறையையும் சூழலையும் பேசிய கனடாவின் லாலோண்ட் அறிக்கையும் (1974), ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பை வலியுறுத்திய அல்மா-அடா பிரகடனமும் (1978) உண்டு. பின்னால் வந்த மாநாடுகளில் சூழலைப் பேசிய சுன்ட்ஸ்வால் (1991), எல்லாத் துறைக் கொள்கைகளிலும் நலம் என்பதை எடுத்துக்கொண்ட ஹெல்சிங்கி (2013) இரண்டையும் ஊன்றிப் படித்தால் போதும். மற்றவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு நகரலாம்.

சமூகவியலாளர் ஆரோன் அன்டனோவ்ஸ்கியை மட்டும் அப்படிக் கடந்துவிடக் கூடாது. இஸ்ரேலில் மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களை ஆராய்ந்தபோது, நாஜி வதைமுகாம்களில் இருந்து தப்பியவர்களில் 29 சதவீதத்தினர் நல்ல மனநிலையோடு இருப்பதைக் கண்டார். முகாம்களைக் காணாதவர்களோடு ஒப்பிட்டால் அது குறைந்த எண்தான். ஆனால் அவர் அந்த 29ஐயே பார்த்துக்கொண்டு, இவர்கள் எப்படி நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டார். நோய் எப்படி வருகிறது என்ற கேள்வியை நலம் எப்படி வருகிறது என்று திருப்பிப் போட்டது அந்த வேலை. களத்துக்குப் போகும்போது இது நேரடியாக உதவும். இங்கே என்ன கெட்டிருக்கிறது என்ற கேள்வியோடு போகும் மாணவருக்குக் குறைகளின் பட்டியல்தான் கிடைக்கும். இதே நெருக்கடியில் இருந்தும் யார் நன்றாக இருக்கிறார்கள், அவர்கள் வேறுவிதமாக என்ன செய்கிறார்கள் என்று கேட்பவருக்குத் தீர்வின் நுனி கிடைத்துவிடுகிறது.

கணக்கு இல்லாமல் நகராது

பாடங்களின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உள்ளே இருப்பவை ஏறக்குறைய இவைதான்: நோய்ப்பரவலியல், உயிரிப்புள்ளியியல், உடற்செயலியல் கொஞ்சம், நடத்தைக் கோட்பாடுகள், சமூகவியல், தொடர்பாடல், கொள்கை, திட்டமிடலும் மதிப்பீடும், ஆய்வு முறை, களப்பயிற்சி, இறுதி ஆய்வேடு. கணிதத்திலிருந்து தப்பிக்க இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டாம் பருவத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். உயர்கணிதம் வேண்டாம், சதவீதமும் வகுத்தலும் தடுமாறாமல் வர வேண்டும். அதைவிட, எண் என்ன சொல்கிறது என்று வாக்கியமாகச் சொல்ல வர வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10,000 பேர் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேருக்கு மிகை ஆபத்து. பத்து வருடத்தில் மாரடைப்பு வர 10 சதவீத வாய்ப்பு. மீதி 9,500 பேருக்கு வாய்ப்பு வெறும் 2 சதவீதம். யாரிடம் போவீர்கள்? வகுப்பு முழுக்க அந்த 500 பேரைக் கைகாட்டும். ஆனால் அந்த 500 பேரில் வரப்போவது 50 மாரடைப்பு. ஆபத்து குறைவு என்று ஒதுக்கிய 9,500 பேரில் வரப்போவது 190. 1980களில் பிரிட்டிஷ் நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார்: குறைந்த ஆபத்துள்ள பெருங்கூட்டத்தில் இருந்தே அதிக நோயாளிகள் வருகிறார்கள். எல்லோருடைய உப்பும் கொஞ்சம் குறைந்தால், யாரும் தன்னளவில் பெரிதாக உணராத ஒரு மாற்றத்தில் மொத்தக் கணக்கு இறங்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் ரோஸ் மறைக்கவில்லை. மொத்தச் சமூகத்துக்கு நல்லது செய்யும் நடவடிக்கையால் தனி ஒருவருக்குக் கிடைப்பது மிகச் சிறிது. ஆகவே மக்களை ஒவ்வொருவராக நம்பவைத்து இதைச் செய்ய முடியாது. உணவுத் தொழிற்சாலையின் கலவையில் உப்பைக் குறைப்பது பல லட்சம் பேரிடம் பேசுவதைவிட எளிது.

கோட்பாட்டை ஒட்டவைப்பது

மூன்றாம் வருட ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் நோய் இது. வேலையெல்லாம் முடிந்த பிறகு இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கோட்பாட்டின் படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். படத்தை எடுத்துவிட்டால் ஆய்வில் ஒரு வரிகூட மாறாது. கோட்பாடு என்பது எந்தக் கேள்வியைக் கேட்க மறந்தோம் என்று நினைவூட்டும் சரிபார்ப்புத் தாள். அது வினாப்பட்டியலுக்கு முன்னாலேயே மேசைக்கு வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்து அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாம். ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவிகள் தண்ணீர் குடிப்பதில்லை. மதியத்துக்கு மேல் தலைவலி என்று படுக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. களப்பயிற்சிக்குப் போன குழு முதல் நாளே தீர்வைச் சொல்லிவிடும்: தண்ணீரின் நன்மைகள் பற்றி ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி.

சூசன் மிச்சியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட மாதிரி ஒன்று உண்டு. ஒரு நடத்தை நிகழ மூன்று வேண்டும் என்கிறது: திறன், வாய்ப்பு, உந்துதல். இதை வைத்து அதே மாணவிகளிடம் போனால் கேள்விகள் மாறும். திறன்: தண்ணீர் தேவை என்று தெரியுமா? தெரியும், அறிவியல் பாடத்தில் படித்ததுதான். உந்துதல்: குடிக்க விருப்பமா? தாகமாகத்தான் இருக்கிறது. வாய்ப்பு: குடிக்க முடிகிறதா? இங்கேதான் கதவு திறக்கும். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கழிப்பறைக்குப் போனால் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. குப்பைத் தொட்டி இல்லை, ஆகவே மாதவிடாய் நாட்களில் போகவே முடியாது. நல்ல கழிப்பறை ஒன்று இருக்கிறது, அது பூட்டியிருக்கிறது, சாவி ஆசிரியர் அறையில். இடைவேளை 10 நிமிடம், வரிசையில் நின்றால் மணி அடித்துவிடும். அந்தப் பிள்ளைகள் அறியாமையால் தண்ணீரைத் தவிர்க்கவில்லை. தங்கள் சூழலைச் சரியாகப் புரிந்துகொண்டு தவிர்க்கிறார்கள். அவர்களுக்குப் போய்த் தண்ணீரின் நன்மையைப் போதிப்பது கொஞ்சம் அவமதிப்பும்கூட.

லாரன்ஸ் கிரீனின் திட்டமிடல் மாதிரியில் இதே விஷயத்தை மனதை ஆயத்தப்படுத்துபவை, இயலச் செய்பவை, வலுவூட்டுபவை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். எந்த மாதிரியை எடுத்தாலும் சரி, அதன் எல்லாப் பெட்டிகளையும் கேள்வியாக மாற்றிக் கேட்க வேண்டும். மாற நினைக்காதவர், யோசிப்பவர், தொடங்கியவர் என்று ஆட்களைப் பிரிக்கும் மாற்றத்தின் படிநிலைகள் என்ற மாதிரியில் (புரோசாஸ்கா, டிகிளமென்டி, 1983) ஒரு தவறு பரவலாக நடக்கிறது. ஆட்களைப் படிப்படியாகப் பிரித்து எண்ணிவிட்டு, பிறகு எல்லோருக்கும் ஒரே உரையை நிகழ்த்துகிறார்கள். பிரித்ததே ஆளுக்கேற்றபடி வேறு வேறாகச் செய்யத்தான்.

களத்தில் பதினைந்து வாரம்

களப்பயிற்சி பதினைந்து வாரம் என்றால், முதல் ஐந்து வாரம் எதையும் ‘செய்ய’க் கூடாது. இது மாணவர்களுக்கும் பிடிக்காது, சில மேற்பார்வையாளர்களுக்கும் பிடிக்காது. முதல் இரண்டு வாரம் இடத்தைப் பழகுங்கள். யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குவது ஒரு நாள் வேலை. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் அம்மாவோடு பேச்சு தொடங்க ஒரு வாரமாகும். பள்ளியின் பாதி உண்மை அவரிடம் இருக்கிறது. அடுத்த மூன்று வாரம் பார்த்தல், கேட்டல், எண்ணுதல். கழிப்பறைகள் எத்தனை, வேலை செய்பவை எத்தனை, இடைவேளையில் வரிசை எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம். கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் போதும். ஆறாம் வாரம், கிடைத்ததை அந்த மக்கள் முன்னால் வைத்து எதை முதலில் எடுப்பது என்று அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஏழாம் வாரம் திட்டம். எட்டு முதல் பன்னிரண்டு வரை செயல். பதின்மூன்றில் அளவீடு. மீதி இரண்டு வாரம் ஒப்படைப்புக்கு.

மக்களே தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கொண்டுபோன தலைப்பு தோற்றுப்போகலாம். நீங்கள் உடல் பருமன் என்று போயிருப்பீர்கள், அவர்கள் தெரு விளக்கு என்பார்கள். விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நடக்கப் பயந்து மாலையில் வெளியே வராதவர்கள், விளக்கு வந்தபின் நடப்பார்கள். உங்கள் பருமனும் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

குழு உரையாடல் என்றால் 6 முதல் 8 பேர், 60 முதல் 90 நிமிடம். நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். ஆசிரியரையும் மாணவியையும், மாமியாரையும் மருமகளையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் பாதிப்பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களின் மௌனம் ஒப்புதலாகப் பதிவாகிவிடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பன்னிரண்டு உரையாடல்களுக்குத் திட்டம் போடுபவர்கள் கடைசி மாதத்தில் தூங்குவதில்லை. எழுத்தாக்கும்போது தமிழ் மாணவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: பேசியதைச் செந்தமிழாக்கிவிடுவது. ‘அங்க போறதுக்கே வெக்கமா இருக்கு, யாராச்சும் தள்ளித் தொறந்துட்டா?’ என்று ஒரு பிள்ளை சொன்னதை ‘கழிப்பறையைப் பயன்படுத்துவதில் தயக்கம் நிலவுகிறது’ என்று எழுதினால் தாழ்ப்பாள் காணாமல் போய்விடுகிறது. தரவு அந்தத் தாழ்ப்பாள்தான். பேசியபடியே எழுதுங்கள், ஆய்வேட்டில் மேற்கோளாகவும் அப்படியே போடுங்கள்.

குறிக்கோள் எழுதும் வாரத்தில் ‘தண்ணீர் குடிப்பதன் முக்கியத்துவத்தை மாணவிகள் உணரச் செய்தல்’ என்ற வாக்கியம் எப்படியும் வந்து சேரும். அதை அடியுங்கள். யார், எதை, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எப்போதுக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும்: ‘பள்ளி நேரத்தில் இரண்டு குவளைக்கு மேல் தண்ணீர் குடிக்கும் 8, 9ஆம் வகுப்பு மாணவிகளின் பங்கை 12ஆம் வார முடிவுக்குள் 30 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்குதல்.’ தொடக்க எண் தெரியாமல் இலக்கு எண் எழுத முடியாது. முதல் ஐந்து வாரம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

வினாப்பட்டியலும் எண்களும்

எத்தனை பேரிடம் கேட்பது என்ற மாதிரி அளவுக்கு எல்லோரும் எழுதும் எண் 385. அது எங்கிருந்து வருகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பலர் விழிப்பார்கள். 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96, விகிதம் தெரியாதபோது 0.5, பிழை 0.05. 1.96ஐ இருமுறை பெருக்கி, 0.5ஆலும் 0.5ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16; மேல்நோக்கி முழுமையாக்கினால் 385. மொத்தப் பள்ளியிலும் 400 பேர்தான் என்றால் இவ்வளவு வேண்டாம். சிறிய மக்கள்தொகைக்கான திருத்தம் போட்டால் 197 போதும். ஆனால் பல பள்ளிகளிலிருந்து வகுப்பு வகுப்பாக எடுத்தால் எண் ஏறும். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதுதான் காரணம். வகுப்புக்கு 30 பேர், அந்த ஒத்திருத்தலின் அளவான உள்ளொப்புமை 0.02 என்றால், பெருக்க வேண்டியது 1 + 29 × 0.02 = 1.58, ஆக 609 பேர். பத்தில் ஒருவர் பதில் தர மாட்டார் என்று வைத்தால் 609ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும்: 677. பத்து சதவீதம் கூட்டி 670 என்று எழுதுவது வழக்கமான பிழை.

வினாப்பட்டியலில் தமிழுக்கென்று சில பள்ளங்கள் உண்டு. ‘நீங்கள் அடிக்கடி பழங்களும் காய்கறிகளும் சாப்பிடுவீர்களா?’ என்பதில் இரண்டு கேள்விகளும், ஆளுக்கு ஆள் மாறும் ஓர் ‘அடிக்கடி’யும் இருக்கின்றன. ‘கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் பழம் சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் எண் வரும். ‘எனக்கு உடற்பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை’ என்ற கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் சொல்ல வைத்தால், இல்லைக்கு மேல் இல்லை வந்து படித்தவர்களே தடுமாறுவார்கள். வெளிநாட்டு அளவுகோலை மொழிபெயர்த்தால், அதைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் முன்சோதனை. அப்போது ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். ‘இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சுவரொட்டியோ துண்டறிக்கையோ செய்தாலும் சோதனை இதேதான். வினாப்பட்டியலின் நம்பகத்தன்மைக்குக் கணக்கிடும் கிரோன்பாக் ஆல்ஃபா 0.7ஐத் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடைபவர்களுக்கு: கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்றுதான் அது சொல்கிறது, சரியானதை அளக்கின்றன என்று சொல்லவில்லை.

முன்-பின் ஒப்பீடுதான் பெரிய பொறி. 30 சதவீதம் 50 ஆனது, திட்டம் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். இடையில் கோடை தொடங்கியிருக்கலாம். இரண்டாம் முறை அதே கேள்வியைப் பார்த்தவர்கள் எது ‘சரியான’ பதில் என்று கண்டுபிடித்திருக்கலாம். திட்டம் நடக்காத இன்னொரு பள்ளியில் அதே காலத்தில் 32 சதவீதம் 45 ஆகியிருந்தால், 20இலிருந்து 13ஐக் கழித்து மிஞ்சும் 7தான் உங்கள் கணக்கில் வரும். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அளந்தால் இன்னொரு ஏமாற்று இருக்கிறது: ஒருமுறை உச்சத்தில் அளந்ததை மறுமுறை அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும்.

மாணவர்கள் மட்டும் விழும் பொறியல்ல இது. பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டம் துறையின் பெருமைக்குரிய எடுத்துக்காட்டு. பால் பண்ணைகள், இறைச்சித் தொழிற்சாலைகள், பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வெண்ணெயும் உப்பும் புகையும் குறைந்த வாழ்க்கையை ஒரு மாகாணத்திலேயே சாத்தியமாக்கினார்கள். உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு நாற்பது வருடத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பக்கத்து மாகாணமான குவோப்பியோவிலும், நாடு முழுக்கவும், இறப்பு குறைந்துகொண்டேதான் வந்தது. திட்டத்தின் தாக்கம் எல்லை தாண்டிப் பரவியதா, அல்லது எப்படியும் வரவிருந்த மாற்றமா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தின் இரண்டு தரப்பையும் படித்துவிட்டு ஒரு தரப்பில் நின்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். மதிப்பீட்டுப் பாடத்தில் பாதி அதிலேயே வந்துவிடும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு சேகரிக்கும் முன்பே வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினால் சேகரித்ததைத் தூக்கிப்போட நேரும். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் தேவை. விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் கேட்டாலே சில வாரம் போய்விடும், ஆகவே ஆய்வேட்டு அட்டவணையில் இதற்குத் தாராளமாக இடம் விடுங்கள். காகிதத்துக்கு வெளியே உள்ள நெறிமுறை இன்னும் சிக்கலானது. பருமனானவரைக் கேலிச்சித்திரமாக வரைவது, அழுகிய நுரையீரலை மட்டும் காட்டிவிட்டு நிறுத்துவது எல்லாம் எளிதில் கை வந்துவிடும். பயமுறுத்துவதென்றால், உடனே செய்யக்கூடிய, தன்னால் முடியும் என்று அவர் நம்பக்கூடிய ஒரு செயலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பயந்தவர் ஆபத்தை விட்டுவிட்டு உங்கள் செய்தியிலிருந்து ஓடிவிடுவார்.

வேலை பற்றி எல்லோரும் கேட்பது நியாயம்தான். அரசுச் சுகாதாரத் துறை, உள்ளாட்சி, தொண்டு நிறுவனங்கள், பெரிய நிறுவனங்களின் பணியாளர் நலப் பிரிவு, ஆய்வு, கற்பித்தல் என்று இடங்கள் உண்டு. பணிப்பெயர் பெரும்பாலும் ‘சுகாதார மேம்பாட்டாளர்’ என்று இருக்காது. திட்ட அலுவலர், சமூக ஒருங்கிணைப்பாளர், கண்காணிப்பு–மதிப்பீட்டு அலுவலர் என்று தேடினால் கிடைக்கும். நேர்காணலுக்குச் சான்றிதழ்க் கட்டோடு, நீங்களே செய்த ஒரு திட்டத்தின் காரணப் படம், குறிக்கோள், தொடக்க எண், முடிவு எண், எது ஏன் தோற்றது என்ற ஒரு பக்கம், இவற்றையும் எடுத்துப்போங்கள். தோற்றதை எழுதிய அந்தப் பக்கத்தைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் வாசிப்பார்கள்.

கடைசி இரண்டு வாரத்துக்கு வருவோம். பள்ளியில் இப்போது தாழ்ப்பாள் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, இடைவேளை 15 நிமிடமாகியிருக்கிறது. குழு ஊருக்குக் கிளம்புகிறது. தொட்டியை யார் காலி செய்வார்கள்? அதற்கான நேரம் அந்த அம்மாவின் வேலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதா, அல்லது இருக்கும் வேலையோடு அவர் தலையில் ஏற்றப்பட்டதா? தாழ்ப்பாள் உடைந்தால் எந்தப் பணத்திலிருந்து வாங்குவது, யார் கையெழுத்துப் போடுவது? அடுத்த வருடம் தலைமை ஆசிரியர் மாறினால் 15 நிமிட இடைவேளை எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது? மாணவிகளில் யாராவது இருவர் மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்துக் குறித்துவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்களா, அந்தக் குறிப்பை யாரிடம் கொடுப்பார்கள்? அறிக்கையின் அட்டையை வடிவமைக்கும் முன் இவற்றுக்கு ஆள் பெயரோடு பதில் எழுதுங்கள். பூட்டியிருந்த அந்த நல்ல கழிப்பறையின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும்.